யதார்த்தமான சூப்பர் ஹீரோ படத்தில் மாயாஜாலம் வரலாமா?

கேள்வி இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களைப் பற்றியது. இவ்வளவு யதார்த்தமாக எடுத்த கதைக்குள் காமிக்ஸில் வரும், சாகக் கிடப்பவரை மீட்டுத் தரும் லாசரஸ் குழியைக் கொண்டுவந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா, பொதுவாகவே இந்த வகைப் படங்களில் மாயாஜாலத்துக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு என்றுதான் சொல்வேன். லாசரஸ் குழியையும் ஏற்றுக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கதையில் ஒருவன் பட்ட வலியையும் பறிகொடுத்த உயிரையும் அந்த மாயம் வந்து இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது.

முதலில் யதார்த்தம் என்று எதைச் சொல்கிறோம்? 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வௌவால் வேஷம் போட்டுக்கொண்டு மாடி மாடியாகத் தாவும் கோடீஸ்வரன் எந்த ஊரிலும் கிடையாது. அதை நம்ப வைக்க நோலன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிறந்த வீடு காட்டுகிறார். கவச உடை ராணுவத்துக்காகத் தயாரித்தது, ஒரு சிப்பாயின் உயிருக்கு இவ்வளவு செலவா என்று வாங்காமல் விட்டுவிட்டார்கள். வண்டி, ஆற்றின் குறுக்கே பாலம் போடுவதற்காகச் செய்தது, பாலம்தான் சரிவரவில்லை. முகமூடியை ஒன்றிரண்டாக வாங்கினால் சந்தேகம் வரும் என்று ப்ரூஸும் (அதாவது பேட்மேன்) அவருடைய பணியாளர் ஆல்ஃப்ரெடும் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கிறார்கள். முதலில் வந்த சரக்கு ஆல்ஃப்ரெட் பேஸ்பால் மட்டையால் ஓங்கி அடித்ததும் உடைந்து போகிறது. அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சூப்பர் ஹீரோவின் முகமூடியில் தயாரிப்புக் குறை இருக்கலாம் என்று காட்டிய பிறகு, அதே ஆள் கூரையிலிருந்து குதிக்கும்போது விழுந்துவிடுவானோ என்ற பயம் நமக்குத் தானாக வந்துவிடுகிறது. யதார்த்தம் என்று நான் நினைப்பது இந்தப் பயத்தைத்தான். அறிவியல் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அதே படத்தில் வில்லனாக ராஸ் அல் கூல் வருகிறார். 1971 ஜூன் மாத 'பேட்மேன்' இதழில் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் அறிமுகப்படுத்திய பாத்திரம் அது. காமிக்ஸில் அவருக்கு வயது பல நூறு. சாகும் தருவாயில் ஒரு குழியில் கொதிக்கும் திரவத்துக்குள் இறங்கி இளமையும் பலமுமாக ஏறி வருவார். அதுதான் லாசரஸ் குழி. பைபிளில் இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நோலன் அந்தக் குழியை எடுத்துவிட்டு ஒரு ஆள்மாறாட்டத்தை வைத்தார். கென் வாட்டனபேதான் ராஸ் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், அவர் இறந்தும் போகிறார். கடைசியில் பார்த்தால் ப்ரூஸுக்குப் பயிற்சி கொடுத்த லியம் நீசன்தான் உண்மையான ராஸ். சாகாதவன் என்ற கதை எப்படிப் பரவியிருக்கும் என்பதற்கு அதுவே விளக்கமாகவும் ஆகிவிடுகிறது. நல்ல திரைக்கதை வேலை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மாயத்தை நோலன் முழுக்க வெளியே நிறுத்திவிட்டார் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே படத்தில் நீல நிறப் பூவிலிருந்து எடுத்த பய மருந்து வருகிறது. அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு பேட்மேன் கண்கள் எரியும் பேயாகத் தெரிகிறார், வாயிலிருந்து கறுப்புத் திரவம் வழிகிறது. நம் ஊர்க் கதைகளில் வரும் மந்திரித்த மையிலிருந்து இது அதிகம் வேறுபட்டதில்லை. ஆனாலும் துளிகூட உறுத்தவில்லை. படம் முழுக்கப் பயத்தைப் பற்றியது. சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்து வௌவால்களைப் பார்த்து நடுங்கிய பையன், அந்தப் பயத்தையே உடையாக மாட்டிக்கொள்கிறான். பய மருந்து அந்தக் கதைக்குள்ளேயே விளைந்த ஒன்று. போதாததற்கு அது யாருக்கும் எதையும் சுலபமாக்கித் தரவில்லை, ப்ரூஸையே ஒருமுறை படுக்கையில் தள்ளுகிறது.

(தண்ணீரை ஆவியாக்கும் மைக்ரோவேவ் கருவி வேறு கதை. நகரத்துக் குழாய்களில் ஓடும் நீரைக் கொதிக்க வைக்கும் கருவி, உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் மனிதர்களைப் பக்கத்திலேயே சும்மா விட்டுவிடுகிறது. அறிவியல் பெயர் இருப்பதால் மட்டும் அது யதார்த்தம் ஆகிவிடாது. படத்தின் வேகத்தில் போய்விடுகிறது, அவ்வளவுதான்.)

எனக்கு உண்மையிலேயே வலித்த இடம் 2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்'.

அந்தப் படம் எட்டு வருடம் கழித்துத் தொடங்குகிறது. ப்ரூஸ் கைத்தடி ஊன்றி நடக்கிறார். முழங்காலில் குருத்தெலும்பே இல்லை என்று மருத்துவர் ஒவ்வொரு குறையாகச் சொல்கிறார். முந்தைய இரண்டு படங்களில் குதித்ததற்கும் அடி வாங்கியதற்கும் வந்த கணக்கு அது. தியேட்டரில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சூப்பர் ஹீரோவின் முழங்காலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் படம் எத்தனை வந்திருக்கிறது? பிறகு வில்லன் பேன் அவரைத் தூக்கித் தன் முழங்காலில் போட்டு முதுகை உடைக்கிறான். 1993 காமிக்ஸில் வந்த புகழ்பெற்ற காட்சி. அதில் பின்னணி இசையே இல்லை, தண்ணீர் கொட்டும் சத்தமும் அடி விழும் சத்தமும்தான். அந்த வலியில் துளிப் பொய் இல்லை.

அப்புறம் ஒரு பாதாளச் சிறை. அங்கே இருக்கும் கைதி ஒருவர், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முதுகெலும்பை ஒரு குத்துவிட்டு உள்ளே தள்ளுகிறார். கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார். சில மாதங்களில் ப்ரூஸ் தண்டால் எடுக்கிறார், சுவரில் ஏறுகிறார், கயிறு இல்லாமல் தாவி வெளியே போகிறார்.

அந்தப் படம் வருவதற்கு மூன்று வருடம் முன்பு என் அப்பா வீட்டு ஓட்டை மாற்றும்போது ஏணியிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. தண்டுவடத்துக்குச் சேதம் இல்லை, அந்த அளவுக்கு நல்ல நேரம். ஆனாலும் மூன்று மாதம் பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டுமென்றால் நானும் அம்மாவும் போர்வையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் கத்திவிடுவார். முதல் நாள் பெல்ட் போட்டு உட்கார வைத்தபோது தலை சுற்றி என் தோளில் சாய்ந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை.

அதனால் அந்தக் கயிறு காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. பறக்கும் வண்டியை நம்பினேன், பய மருந்தை நம்பினேன், இதை நம்பவில்லை. முழங்கால் குருத்தெலும்பைக் கணக்கு வைத்த அதே படம் முதுகெலும்பின் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டது. சரியாகச் சொன்னால் அந்தச் சிறைக்குள் நடப்பதும் மாயாஜாலம்தான். இறந்த ராஸ் அல் கூல் அங்கே ப்ரூஸின் கண்ணுக்குத் தெரிந்து சாகாமை பற்றிப் பேசுகிறார். அந்தச் சிறைக்குப் பெயரே 'குழி'. நோலன் லாசரஸ் குழியை முன்வாசல் வழியாக அனுப்பிவிட்டுப் புழக்கடை வழியாக உள்ளே அழைத்துக்கொண்டார். காமிக்ஸ் படித்தவர்களுக்கு அது ஒரு இனிமையான குறிப்பு. எனக்கோ, மாயம் என்று ஒப்புக்கொள்ளாத மாயம் அது. ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கு விதி வைத்திருக்க வேண்டும், ஏதாவது ஒன்றைப் பறித்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாததால் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிட்டது.

(ப்ரூஸ் அந்தக் குழியிலிருந்து வெளியே வரும் இடத்தை ஜோத்பூரில், மெஹ்ரான்கர் கோட்டை பின்னால் தெரியும்படி எடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கோபத்தோடு பார்த்தாலும் அழகுதான்.)

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2015இல் வந்த 'டேர்டெவில்' தொடரைச் சொல்கிறேன். படம் இல்லைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கண் தெரியாத வழக்கறிஞர் மாட் என்பவருக்குச் செவியும் மூக்கும் அபாரமாக வேலை செய்கின்றன. அதுவே மாயம்தான், ஆனால் பார்வை போய்க் கிடைத்தது. இரண்டாவது எபிசோடில் வரும் அந்த நடைவழிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். அடித்து அடித்து அவர் களைத்துப்போய்ச் சுவரில் சாய்கிறார். எதிராளிகளும் தள்ளாடித்தான் எழுகிறார்கள். முதல் சீசன் முழுக்க அந்தக் களைப்பு இருந்தது. அந்த சீசனில் எரிந்து இறந்த எதிரி நோபு இரண்டாவது சீசனில் திரும்பி வருகிறான். அதன் முடிவில் மாட் காதலித்த எலெக்ட்ரா அவர் கையிலேயே உயிரை விடுகிறாள், மாட் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. செத்தவரை எழுப்பும் வித்தை எதிரிகளிடம் இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது. எதிர்பார்த்தபடியே 2017இல் 'டிஃபெண்டர்ஸ்' தொடரில் எழுந்து வந்தாள். அங்கே மந்திரம் வந்தது எனக்குப் பிரச்சினையாக இல்லை. சாவுக்கு இருந்த கனம் போனதுதான் பிரச்சினை.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2000இல் வந்த ஷியாமளனின் 'அன்பிரேக்கபிள்' படத்தில் ஒரு ரயில் விபத்தில் ஒருவர் மட்டும் கீறல்கூட இல்லாமல் பிழைக்கிறார். வீட்டின் அடித்தளத்தில் அவர் எடை தூக்க, அவருடைய பையன் ஒவ்வொன்றாக எடையைக் கூட்டுகிறான். தட்டுகள் தீர்ந்ததும் பெயின்ட் டப்பாக்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வெடிப்பு, பறத்தல் ஒன்றும் இல்லை. ஒரு அப்பா, ஒரு பையன், பெயின்ட் டப்பா. அந்தக் காட்சியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிர்ப்பக்கத்தில், தொட்டால் எலும்பு முறியும் நோயோடு பிறந்த ஒருவர். அவருடைய உடைந்த எலும்புகளையும் வைத்துத்தான் இவருடைய உடையாத உடம்பு அளக்கப்படுகிறது.

மலையாளத்தில் 2021இல் வந்த 'மின்னல் முரளி'யும் அப்படித்தான். ஒரே மின்னல் இரண்டு பேர்மேல் விழுகிறது. ஒருவன் தையல்காரன். இன்னொருவன் ஊரே ஒதுக்கிவைத்த ஷிபு, நம் குரு சோமசுந்தரம் நடித்தது. ஷிபுவுக்குச் சக்தி வந்த பிறகும் அவன் கேட்பது ஒரே பெண்ணின் அன்பைத்தான். அது மட்டும் மின்னலால் கிடைக்கவில்லை. மின்னல் எப்படிச் சக்தி கொடுக்கும் என்று யாராவது கேட்டார்களா? எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி நீங்கள் கேட்ட முதல் பகுதி. லாசரஸ் குழி 2012 படத்தில் நேரடியாக வந்திருந்தால்? காமிக்ஸில் அந்தக் குழிக்கு ஒரு விதி உண்டு. அதிலிருந்து ஏறி வருபவருக்குச் சிறிது நேரம் புத்தி பேதலித்துவிடும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தின் முடிவில் ரயிலுக்குள் ராஸ் அல் கூலைச் சாக விட்டுவிட்டு வெளியேறியவர் ப்ரூஸ். கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அந்த மனிதருடைய குழியில் இறங்கித்தான் இப்போது தன் முதுகை நிமிர்த்த வேண்டும் என்றால்? அவர் சாகவிட்ட ஆளிடமே உயிர்க்கடன். ஏறி வரும்போது சில நாட்கள் தன்னையே அடையாளம் தெரியாமல் யாரையாவது அடித்துவிடலாம், யாரையும் கொல்வதில்லை என்ற அவருடைய விதியே அங்கே ஆட்டம் காணலாம். ராஸின் மகள் கடைசியில் கத்தியோடு வந்து நிற்கும்போது அவருக்குப் பதில் சொல்ல வாய் வராது. இப்படி வந்திருந்தால் அந்தக் குழியை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியிருப்பேன்.

மேட் ரீவ்ஸின் 2022 பேட்மேன் உலகத்தில், எதையும் உறைய வைக்கும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் வரலாமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். வரட்டும் என்றுதான் சொல்வேன். அந்தப் படத்தில் பேட்மேன் காவல்துறைக் கட்டடத்திலிருந்து குதித்துப் பறக்கிறார், பாராசூட் பாலத்தில் மாட்டிக்கொள்ள, பஸ்மேல் மோதித் தரையில் உருளுகிறார், நொண்டிக்கொண்டே எழுந்து போகிறார். அந்த உலகத்தின் விதி அந்த நொண்டலிலேயே இருக்கிறது. ஃப்ரீஸை 1997 படத்தில் சிரிப்புப் பாத்திரமாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1992 கார்ட்டூன் தொடரில் பால் டினி எழுதிய ஒரு எபிசோடில் அவர் நோயாளி மனைவியைக் காப்பாற்ற முயன்ற விஞ்ஞானி. நடந்த விபத்தில் உறைகுளிரில் மட்டுமே உயிர் வாழ முடியும் என்று ஆகிவிடுகிறது. குளிரூட்டிய கவசத்தைக் கழற்றினால் சாவு. இனி அவர் ஒரு மனிதரின் கையைத் தொட முடியாது. உறைய வைக்கும் துப்பாக்கியை எப்படி நம்ப வைப்பது என்று ரீவ்ஸ் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கவசத்துக்குள் இருப்பவர் ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, அறைக்குள் சூடாகக் காபி குடிப்பவர்களைப் பார்ப்பதை முதலில் ஒரு நிமிடம் காட்டினால் போதும்.