கெட்டுப்போகாத மலை ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு மலைக்குப் போய்விடுவோம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, மணாலி, நுவரெலியா எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கே போனாலும் அதே டிராஃபிக், அதே சாக்லேட் கடை, அதே வியூ பாயின்ட். எல்லா ஊரும் கெட்டுப்போய்விட்டது. போன வருடம் சுவிட்சர்லாந்து போனோம். எழுபது வயதுக்காரர்கள் கையில் குச்சியோடு மலையில் நடக்கிறார்கள். வெளியே நடந்து, மலையோடு மலையாக வாழும் அந்தப் பழக்கம் நம் மக்களுக்கு ஏன் வரவில்லை?

மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போனை விட்டுத் தலை நிமிர்வதே இல்லை. அவளை எங்காவது நடக்கவைக்க ஆசை. இந்த மே மாதம் போவதற்கு, இன்னும் கெட்டுப்போகாத ஒரு மலை ஊர் சொல்லுங்கள். நடப்பதற்கு என்ன ஷூ வாங்கலாம்? கொடைக்கானலில் ஒரு வில்லா விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ர.
திருப்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத ஒரு காரணம் உண்டு. போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மலைக் கிராமங்களுக்கு ரோடு போடலாமா கூடாதா என்று சோறு ஆறிப்போகும்வரை சண்டை போட்டுவிட்டுப் போனார். சண்டை முடியவில்லை. மிச்சத்தை உங்களிடம் போடப்போகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். எல்லா ஊரும் கெட்டுப்போய்விட்டது என்கிறீர்கள். யார் கெடுத்தார்கள் என்று எழுதவில்லையே? 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் சீசனுக்கு எண்ணிக்கையே வைத்துவிட்டது. ஊட்டிக்கு வார நாளில் ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. கட்டுப்படுத்திய பிறகே இவ்வளவு. அந்த ஊரில் பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இந்த வண்டிகளுக்கு இடையில்தான் நடக்க வேண்டும். நீங்கள் இரண்டு நாள் பட்ட எரிச்சலை அவர்கள் வருடம் முழுக்கப் படுகிறார்கள், உங்களைப் பார்த்து.

கெட்டுப்போகாத ஊர் ஒன்று எனக்குத் தெரியும்தான். சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மே மாதம் அங்கேயும் சாக்லேட் கடை வந்துவிடும்.

சரி, சுவிட்சர்லாந்துக்கு வருவோம். அந்த எழுபது வயதுக்காரர்களைப் பார்த்து உங்களுக்குப் பொறாமை வந்தது நல்ல விஷயம். ஆனால் அதை ஏதோ ரத்தத்தில் ஊறிய குணம்போல எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம். நீங்கள் பார்த்த மஞ்சள் பலகைகள் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முக்கிலும் நிற்கும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்காது, நடந்தால் எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கும். அப்படிப் பலகை வைத்துப் பராமரிக்கும் நடைபாதை அந்தச் சின்ன நாட்டில் சுமார் 65,000 கிலோமீட்டர். அது தானாக முளைக்கவில்லை. கார் பெருகிய காலத்தில் அங்கேயும் பழைய பாதைகள்மேல் தார் ஊற்றிக்கொண்டே போனார்கள். நடப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1979இல் மக்களிடம் ஓட்டு கேட்டு, நடைபாதையைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். பின்னால் வந்த சட்டம் இன்னும் கறார். நடைபாதையை எடுத்துவிட்டு ரோடு போட்டால், அதற்கு ஈடாக வேறு பாதை அமைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கிழவர் குச்சியோடு நடப்பது அவருடைய பண்பாடு மட்டும் இல்லை. அவருக்கு நடக்க ஒரு பாதை இருக்கிறது, களைத்துப்போனால் ஏறிக்கொள்ள மஞ்சள் தபால் பஸ்ஸும் இருக்கிறது. செர்மாட் என்ற மலை ஊருக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், பெட்ரோல் காரை ஊருக்குள்ளேயே விடமாட்டார்கள். கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும்.

நம் ஊரில் என்ன ஆனது? கொடைக்கானலுக்கு முதலில் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அமெரிக்க மிஷனரிகள் 1845இல் அங்கே வீடு கட்டினார்கள். அப்போது வத்தலக்குண்டு ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து ஒரு செங்குத்தான பாதை. துரைமார்கள் குதிரையில், துரைசாணிகள் டோலியில். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஆட்கள். அவர்களுடைய பெட்டி, படுக்கை, பியானோ வரைக்கும் தலையிலும் தோளிலும்தான் போயிருக்கிறது. 1910களின் நடுவில் கார் போகிற ரோடு வந்ததும் அந்தப் பாதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எல்லோரும் என்றால் மலைக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்கள் எல்லோரும். அந்த மாதிரிப் பழைய பாதை ஒன்றின் நடுவில் ஒரு ஊர் இருக்கிறது, வெள்ளகவி. அந்த ஊரால் எப்படி மறக்க முடியும்?

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு நான் இறங்கியது இளவயதில். அப்போது அந்த ஊருக்கு வண்டி போகும் ரோடு கிடையாது. காபி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் மட்டக்குதிரை முதுகில்தான் போகும். அரிசியும் அப்படித்தான் வரும். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஊரே கோயில் மாதிரி, உள்ளே யாரும் செருப்பு போடுவதில்லை. (உங்கள் ஷூ கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பழகிய ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், புது ஷூ காலைக் கடிக்கும்.)

ஊரைத் தாண்டி இறங்கும்போது எதிரே ஒரு அம்மா ஏறி வந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் மூட்டை. என்னைப் பார்த்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "ஏன்ப்பா நடந்து வாரீக? ஒங்க ஊருக்கு பஸ்ஸு இல்லையா?"

இருக்கிறது, சும்மா நடந்து பார்க்கலாம் என்றுதான், என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு ஏதோ நோய் என்று நினைத்திருப்பார். போன மழைக்குத் தன் மருமகளைப் பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கிப்போன கதையை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். வழுக்கலில் தூக்கியவர்கள் இரண்டு தடவை விழுந்தார்களாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார், என் முகம் போன போக்கைப் பார்த்து.

என் நண்பர் இங்கேதான் சண்டைக்கு வருகிறார். ரோடு வந்தால் வெள்ளகவியும் இன்னொரு கொடைக்கானல் ஆகிவிடும், பாதையை அப்படியே விட வேண்டும் என்கிறார். அவர் மருமகளை யாரும் டோலியில் தூக்கியதில்லை. இன்னொரு கட்சி, ரோடு போட்டபின் பாதை எதற்கு என்கிறது. இரண்டுமே எனக்கு ஆகாது. நம்மிடம் ரோடு வந்த இடத்தில் பாதை செத்துப்போகிறது, ரோடு வராத இடத்தில் பாதை தண்டனையாகிவிடுகிறது. சுவிஸ்காரனின் கெட்டிக்காரத்தனம் இதில்தான். நோயாளிக்கும் முட்டைக்கோசுக்கும் ரோடோ ரயிலோ கொடுத்தான், நடப்பவனுக்குப் பாதையை விட்டுவைத்தான். அங்கே நடப்பது விருப்பம். வெள்ளகவி அம்மாவுக்கு அது விருப்பம் இல்லை. நடந்தே ஆக வேண்டியவரைப் பார்த்து, உனக்கு நடக்கும் பழக்கம் இல்லையே என்று வருத்தப்படுகிறோம் நாம்.

நுவரெலியா போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏரி, சிவப்புத் தபால் நிலையம், தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கப் டீ, சரிதானே? இப்போது அந்த இலங்கை மலைநாட்டில் பீக்கோ டிரெயில் என்று ஒன்று இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கும் மேல், 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பல இடங்களில் அது எஸ்டேட் பாதைதான், தேயிலைக்காக அந்தக் காலத்தில் போட்டது. அற்புதமான நடை. ஆனால் கண்டிச்சீமைக்கு நடை என்பது அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. காப்பித் தோட்டக் காலத்தில் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுக்குள் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்களில், அந்தத் தோட்ட வரிசை வீடுகளில், இருக்கிறார்கள், நீங்கள் போட்டோ எடுத்த அதே சரிவுகளில். நம் மக்களுக்கு மலையில் நடக்கத் தெரியவில்லை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் மூங்கில் கம்போடு ஏறும் கூட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

நடக்கலாம் என்றால் வனத்துறை விடுவதில்லை என்று சில நண்பர்கள் புலம்புவார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டார்கள். மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்யும்படி திறந்தது. கூட வருகிற வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையிலேயே பிறந்த பிள்ளைகள். குரங்கணிப் பக்கம் போனால் மேலே டாப் ஸ்டேஷனைக் காட்டச் சொல்லுங்கள். அது வியூ பாயின்டாகப் பிறக்கவில்லை. மூணாற்றிலிருந்து சின்ன ரயிலில் தேயிலை அங்கே வந்தது. அங்கிருந்து ரோப்வே கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1924 வெள்ளத்தில் ரயில் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வில்லா விஷயம். எனக்கு வீடு, மனை எதுவும் தெரியாது. ஆனால் உத்தராகண்டின் ஜோஷிமட் ஊரை 2023 ஜனவரியில் டிவியில் பார்த்திருப்பீர்கள், வீடு வீடாக விரிசல். பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது, கனமான கட்டடம் கூடாது என்று 1976லேயே ஒரு அரசுக் குழு எழுதிக்கொடுத்திருந்தது. அதைப் படித்த யாரும் கேட்கவில்லை. உங்கள் வில்லாவை விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஏப்ரல் மாதம் தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? முதல் கேள்விக்கு லாரி என்று பதில் வந்தால், அந்த லாரி எந்த ஊர் ஓடையில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்றும் கேளுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி இல்லை. பரீட்சை முடித்த பிள்ளை கொஞ்ச நாள் போன் பார்க்கட்டும், விடுங்கள். நடக்கவைக்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனால் அவளுக்கு மலையே வெறுத்துப்போகும். மே மாதமும் வேண்டாம், வெயிலும் கூட்டமும். ஜனவரியில் ஒரு வார நாளாகப் பார்த்து, காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் போங்கள். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வாந்தி வருமென்றால் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். எங்கே இறங்குவது என்பதை அவளே சொல்லட்டும், நடப்பதா வேண்டாமா என்பதையும்தான்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் வில்லாக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.