டிபி மாத்திரையால் பக்கவாதம் வருமா?

கேள்வி: மியான்மரில் தாட்டோனில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாக டிபி மாத்திரை சாப்பிடுகிறார். பிரஷரும் உண்டு. இப்போது இரண்டு பாதமும் மதமதக்கிறது. டிபி மாத்திரையிலுள்ள ஐசோனியாசிட் மருந்தால் ஒருபக்கம் விழுந்துவிடும் என்று ஆராய்ச்சி இருப்பதாக மருமகன் போனில் காட்டினான். கடைக்காரர் மருந்தை நிறுத்தச் சொல்லி வேறு பொட்டலம் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் அம்மா. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம்.

இரண்டு பாதமும் ஒன்றுபோல் மதமதத்தால் பெரும்பாலும் ஐசோனியாசிட் செய்கிற வேலைதான். உடம்பிலுள்ள பி6 வைட்டமினை அது குறைக்கும், நரம்பு வாடும். வராமல் தடுக்க தினம் 10 முதல் 25 மில்லிகிராம் பி6 போதும். வந்தபின் டாக்டர் கூட்டித் தருவார். பக்கவாதம் வேறு. திடீரென்று ஒரு பக்கத்துக் கையும் காலும் விழும். 1952 முதல் கொடுத்துவரும் மருந்து இது. சாப்பிட்ட யாரோ ஒருவருக்கு அப்படி வந்தது என்று எழுதிவைத்தால் மருந்துதான் காரணம் என்று ஆகிவிடாது. காசநோயே மூளை உறைக்குப் பரவினால் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வரும்.

எனக்குக் கவலை அவருடைய பிரஷர்தான். டிபி மாத்திரையில் ரிஃபாம்பிசினும் இருக்கிறது, சிறுநீரைச் செம்மஞ்சளாக்குகிற மருந்து. அது கல்லீரலைத் தூண்டிவிட்டு அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற பிரஷர் மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும். நேற்றுவரை கேட்ட மாத்திரை இன்று கேட்காது. பிரஷர் ஏறினால் பக்கவாதம் வரலாம். அதற்காக நீங்களாகக் கூட்டவும் கூடாது. டாக்டர் கூட்டினாலும், டிபி மருந்து முடிந்த சில வாரத்தில் அந்த அளவே அதிகமாகிப் பிரஷர் இறங்கிவிடும். அதனால் வாராவாரம் பாருங்கள், முடிந்த பிறகும் பாருங்கள். டிபி மையத்தில் மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார்கள், கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. எத்தனை தரம் சொல்லியாயிற்று! எல்லா மாத்திரை அட்டையையும் நீங்களே கொண்டுபோய் மேசையில் பரப்புங்கள்.

அப்புறம் அந்தப் பொட்டலம். நம் ஊர்க் கடைகளில் ஐந்தாறு நிறத்தில் உதிரி மாத்திரைகளைப் பெயரில்லாமல் கட்டித் தருகிறார்கள். அதிலும் ஐசோனியாசிட் இருந்தால் அளவு மீறி வலிப்பு வரலாம். ஸ்டீராய்டு இருந்தால் பிரஷரும் சர்க்கரையும் ஏறும். அரசாங்கம் இலவசமாகத் தரும் மருந்தை நிறுத்தச் சொல்லிக் காசுக்கு வேறொன்று விற்பவரை நம்பவே கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது.

ஒரு பக்கம் தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சாப்பிடுகிற மாத்திரை அத்தனையும் கையோடு.