பேட்டரி மாற்றியும் தீராத கரண்ட் கோளாறு: எங்கே பார்க்கணும்?

குளச்சலில் வாங்கிய பழைய கார், மழை வந்தால் ஹெட்லைட் மங்குது, ரெண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகலை, புது பேட்டரி போட்டும் அப்படியே என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடலோர வண்டி என்றால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது பேட்டரி நெகட்டிவை கார் பாடியோடு சேர்க்கும் ஒயர் இணைப்பு. உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்து அந்த இணைப்பைத்தான் முதலில் அரிக்கும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வோல்ட்டில் வைத்து, அதன் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை பாடியில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. நெகட்டிவைக் கழற்றி, எர்த் போல்ட்டை எடுத்து, இரும்பு பளபளக்கும் வரை எமரி பேப்பரால் தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். ஒயர் முனையின் ரப்பரைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே பச்சைப் பொடி இருந்தால், செம்பு நிறம் தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடிக்கணும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரணும். குறைந்தால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள்.

சார்ஜ் சரியாக இருந்தும் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கினால், சாவியை எடுத்து, கதவெல்லாம் பூட்டி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் இணையுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். அரைமணி கழித்தும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் மீட்டர் அளவு குறையுதோ அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோவாக இருக்கும்.

தயவுசெய்து 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிற இடத்தில் 20 போடாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.