தங்கத் தகடுகளும் நான்கு விவரிப்புகளும்: மார்மன் சமயம் பற்றிய கேள்வி–பதில்

நீலகிரியிலிருந்தும் பழனிமலைப் பகுதியிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே பொருளைத் தொட்டிருந்ததால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியை: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், அண்டை வீட்டார் கொடுத்த 'மார்மன் புத்தகம்' ஒன்றை விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். அதைத் தந்தவர்கள் பழகுவதற்கு இனியவர்கள் என்கிறான். எங்கள் ஆயரோ அது கிறிஸ்தவமே அன்று என்கிறார். இந்தச் சமயம் எப்படித் தொடங்கியது?

அம்மையீர், இதன் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1805 டிசம்பர் 23 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். விளைச்சல் பொய்த்துக் கடனில் சிக்கிய அந்தக் குடும்பம், அவர் சிறுவனாக இருந்தபோதே நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பல்மைரா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிடேரியன் ஆகிய கிறிஸ்தவப் பிரிவுகளின் போதகர்கள் போட்டி போட்டுக்கொண்டு, சமய ஆர்வத்தைத் தூண்டும் எழுப்புதல் கூட்டங்களை நடத்திவந்த வட்டாரம் அது. ஸ்மித்தின் தாயார் பிரெஸ்பிடேரியன் சபையில் சேர்ந்தார். தந்தையார் எந்தச் சபையிலும் ஒட்டவில்லை. எந்தச் சபை உண்மையானது என்ற கேள்வி அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

1820ஆம் ஆண்டு வாக்கில் தோப்பொன்றில் தனியே வேண்டிக்கொண்டிருந்தபோது தமக்குத் தெய்வக் காட்சி கிடைத்ததாகவும், 1823 செப்டம்பரில் மரோனி என்ற தூதர் தோன்றி அருகிலுள்ள குன்றில் பொன்னால் ஆன தகடுகள் புதைந்திருப்பதைச் சொன்னதாகவும், நான்காண்டுக் காத்திருப்புக்குப் பின் 1827 செப்டம்பர் 22 அன்று அவற்றைப் பெற்றுக்கொண்டதாகவும் ஸ்மித் கூறினார். கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல்களுடைய வரலாறு அத்தகடுகளில் இருந்ததென்றும், உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் அவர்களுக்குக் காட்சியளித்தார் என்றும் அந்நூல் சொல்கிறது.

மொழிபெயர்ப்பு நடந்த விதம்தான் பலருக்கு வியப்பைத் தரும். ஸ்மித் இளமையில் கூலிக்குப் புதையல் தேடிக்கொடுத்தவர். வெற்றிலையில் மை தடவிக் களவுபோன பொருளைப் பார்த்துச் சொல்பவர்களை நம் ஊர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் போல அவர் ஒரு சிறு கல்லைத் தொப்பிக்குள் இட்டு, முகத்தைத் தொப்பியில் புதைத்துப் பார்ப்பார். இதற்காக 1826 மார்ச்சில் நியூயார்க்கின் பெயின்பிரிட்ஜ் பகுதியில் நீதிபதி ஒருவர் முன் நிறுத்தப்பட்டார். அந்த வழக்கின் செலவுக் கணக்கைக் காட்டும், 2 டாலர் 68 சென்ட் என்று குறிக்கப்பட்ட ரசீது 1971இல் கண்டெடுக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் மார்மன் புத்தகத்தைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தபோதும் பெரும்பாலும் அதே முறையில் கல்லும் தொப்பியும் பயன்பட்டன என்று அவருடைய மனைவி எம்மாவும் நெருங்கிய துணைவர்களும் பிற்காலத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சபையின் ஓவியங்களில் நெடுங்காலம் அவர் தகடுகளை மேசைமேல் விரித்துவைத்துப் படிப்பதாகவே வரையப்பட்டது. 2015இல் சபையே அந்தக் கல்லின் புகைப்படத்தை வெளியிட்டது.

இடையில் ஒரு பெரிய இடையூறு நேர்ந்தது. முதலில் எழுதிய 116 பக்கங்களை வாங்கிச்சென்ற மார்ட்டின் ஹாரிஸ் என்ற செல்வந்த உழவர் 1828இல் அவற்றைத் தொலைத்துவிட்டார். ஸ்மித் அந்தப் பகுதியைத் திரும்ப எழுதவைக்கவில்லை. பகைவர்கள் பழைய படியைத் திருத்தி முரண்பாடு காட்டுவார்கள் என்றும், அதே காலத்தைச் சொல்லும் வேறு தகடுகள் உள்ளன என்றும் விளக்கினார். நம்பிக்கையாளருக்கு இது முன்னறிந்த ஏற்பாடு; ஐயுறுவோருக்கோ, சொன்னதை அப்படியே மறுபடி சொல்ல இயலாதவரின் சமாளிப்பு. ஒரே நிகழ்ச்சி இரு தரப்புக்கும் சான்றாவதை இந்த வரலாறு நெடுகிலும் காணலாம்.

1829 ஏப்ரலில் ஆலிவர் கௌடரி எழுத்தராக வந்து சேர்ந்ததும் வேலை விரைந்து, ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ முழு நூலும் முடிந்தது. ஹாரிஸ் தம் நிலத்தை 3,000 டாலருக்கு அடமானம் வைக்க, பல்மைராவில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் 5,000 படிகள் அச்சாகி 1830 மார்ச்சில் விற்பனைக்கு வந்தன. கையெழுத்துப் படியில் நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லாததால் அவற்றை இட்டவர் அச்சுக்கோப்பவரே. 1830 ஏப்ரல் 6 அன்று சபை முறையாகத் தொடங்கப்பட்டது.

உங்கள் ஆயரின் கூற்றும் ஆதாரமில்லாதது அன்று. அவர்கள் இயேசுவை மீட்பராக ஏற்கிறார்கள். ஆனால் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் வெவ்வேறானவர்கள் என்றும், தந்தைக்கும் உடல் உண்டு என்றும் கற்பிக்கிறார்கள். இதனால் கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் அவர்களுடைய திருமுழுக்கு செல்லாது என்று அறிவித்தது. உங்கள் அண்ணன் மகன் சொல்வதும் ஆயர் சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

குன்னூர், கல்லூரி மாணவர்: தோப்பில் கண்டதாகச் சொல்லும் முதற்காட்சியைப் பற்றி ஸ்மித்தே பலவிதமாகச் சொல்லியிருக்கிறாராம். அது ஒன்றே பொய் என்பதற்குப் போதுமல்லவா?

தம்பி, போதாது. அவர் எழுதியோ எழுதவைத்தோ இருக்கும் விவரிப்புகளில் முக்கியமானவை 1832, 1835, 1838, 1842ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1832இல் அவர் தம் கைப்பட எழுதிய பகுதியில், தம் பாவங்களை எண்ணி வருந்தியபோது ஆண்டவர் தோன்றி மன்னிப்பு அளித்தார் என்பதே சாரம். 1835இல் இரண்டு பேரும், அவர்களோடு பல தூதர்களும் வருகிறார்கள். இன்று சபை வேதமாகக் கொள்ளும் 1838 விவரிப்பில் தந்தையும் மகனும் தோன்றி, இருக்கும் சபைகளில் எதிலும் சேர வேண்டாம் என்கிறார்கள். தனிப்பட்ட மன்னிப்பாக இருந்தது எல்லாச் சபைகளுக்கும் எதிரான தீர்ப்பாக மாறியிருக்கிறது. சபை வளர்ந்து, துன்புறுத்தப்பட்டு, தன் இருப்புக்கு நியாயம் தேடிய காலத்தில் நினைவும் அதற்கேற்ற வடிவம் பெற்றது என்பதே விமரிசகர்கள் பலரின் வாசிப்பு. கேட்பவருக்கேற்ப வெவ்வேறு பகுதிகளை அழுத்திச் சொன்னார் என்பது சபை வரலாற்றாசிரியர்களின் விடை.

என் எண்ணத்தில் இதைவிட வலுவான இடர்ப்பாடு வேறொன்று இருக்கிறது. தம் ஊரில் பெரிய எழுப்புதல் எழுந்ததால்தான் குழம்பித் தோப்புக்குப் போனதாக ஸ்மித் எழுதுகிறார். ஆனால் பல்மைராவில் பெருங்கூட்டமாக மக்கள் சபைகளில் சேர்ந்தது 1824–25இல் என்று வெஸ்லி வால்டர்ஸ் என்ற போதகர் 1967இல் சபைப் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். 1820ஐ ஒட்டி அந்த வட்டாரத்தில் மெத்தடிஸ்ட் முகாம் கூட்டங்கள் நடந்தன என்று மறுதரப்பு பதில் சொன்னது. இந்த விவாதத்தால் விளைந்த ஒரு நன்மை, அந்தச் சிற்றூரின் பழைய பதிவேடுகள் அனைத்தும் துருவித் துருவிப் படிக்கப்பட்டதுதான்.

கொடைக்கானல், மூத்த வாசகர்: அமெரிக்க மிஷனரி பங்களாவில் பணிபுரிந்த என் பாட்டனார், மார்மன் நூல் யாரோ எழுதி அச்சேறாமல் போன நாவலைத் திருடியது என்று துரைமார் பேசிக்கொண்டதாகச் சொல்லுவார். உண்மையா?

ஐயா, உங்கள் பாட்டனார் கேட்டது அந்தக் காலத்தில் மிகவும் பரவியிருந்த கருத்து. கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டிய மதுரை அமெரிக்க மிஷனை அனுப்பிய வாரியம் 1810இல், ஸ்மித்தை உருவாக்கிய அதே எழுப்புதல் அலையில் பிறந்தது. வேதம் ஏற்கெனவே நிறைவுற்றது, அதை உலகெங்கும் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு சாரார் கப்பலேறினார்கள். வேதம் இன்னும் முடியவில்லை என்று ஸ்மித் சொன்னார். முன்னவர்கள் பின்னவரைக் கடுமையாகப் பார்த்ததில் வியப்பில்லை.

சாலமன் ஸ்பால்டிங் என்பவர் 1816இல் இறந்தவர். பழங்கால அமெரிக்காவைப் பற்றி ஒரு கதை எழுதி வைத்திருந்தார். சபையிலிருந்து விலக்கப்பட்ட ஹர்ல்பட் என்பவர் ஸ்பால்டிங்கின் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் வாக்குமூலங்கள் திரட்ட, அவற்றை ஈபர் ஹவ் 1834இல் தம் நூலில் வெளியிட்டார். போதகர் சிட்னி ரிக்டன் வழியாகக் கையெழுத்துப் படி ஸ்மித்திடம் வந்தது என்பது கதை. ஆனால் ரிக்டன் ஸ்மித்தை முதன்முதலாகச் சந்தித்ததாகப் பதிவுகள் காட்டுவது நூல் அச்சாகிப் பல மாதங்கள் கழிந்த 1830 டிசம்பரில்தான். மேலும் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் படி 1884இல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் அகப்பட்டது. புயலில் திசைமாறி அமெரிக்கா சேர்ந்த ரோமானியர்களின் கதை அது. மார்மன் நூலோடு சொல்லிலும் நடையிலும் ஒத்துப்போகவில்லை. வேறொரு படி இருந்தது என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். அதற்கு வலுவில்லை என்றே கருதுகிறேன்.

திருட்டு என்பதை விட்டுவிட்டு, சூழலின் செல்வாக்கு என்று கேட்டால் கேள்வி கனக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினர் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரத்தார் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. ஈதன் ஸ்மித் என்ற போதகர் (ஜோசப்புக்கு உறவினர் அல்லர்) 1823இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவர் ஊழியம் செய்த போல்ட்னி என்ற ஊரில்தான் எழுத்தர் கௌடரியின் குடும்பம் வாழ்ந்தது. மார்மன் சபையின் உயர் பொறுப்பாளராக இருந்த பி. எச். ராபர்ட்ஸ் 1920களில் இரு நூல்களின் ஒப்புமைகளைத் தாமே நேர்மையாகத் தொகுத்தார். அந்த ஆய்வு அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து 1985இல்தான் அச்சேறியது. பழைய ஏற்பாட்டு ஏசாயா நூலின் அதிகாரங்கள் அன்றைய ஆங்கில வேதத்தின் நடையிலேயே வருவதையும், கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் குதிரையும் எஃகும் பேசப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்று மார்மன் அல்லாத அறிஞர்கள் கொள்வதன் காரணம் விளங்கும். ஆனால் பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த, 23 வயதே ஆன ஓர் இளைஞர் குறிப்பேதும் பாராமல் சில மாதங்களில் இத்தனை பெரிய நூலைச் சொல்லி எழுதவைத்தது எப்படி என்று நம்பிக்கையாளர் திருப்பிக் கேட்பதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கூடலூர், வழக்கறிஞர்: தகடுகளைக் கண்ணால் கண்ட சாட்சிகள் உண்டா? நம்பிக்கைக்கு எதிரான மிக வலிய சான்று எது?

நூலின் முகப்பில் மூவரும் எண்மரும் சாட்சியாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மூவரான கௌடரி, டேவிட் விட்மர், ஹாரிஸ் ஆகியோர் 1837–38இல் ஸ்மித்தோடு முரண்பட்டுச் சபையை விட்டு வெளியேறினர். ஆயினும் கண்டது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை, விட்மர் திரும்பிச் சேராமலே 1888இல் இறந்தபோதும். அதே சமயம், ஆவிக்குரிய கண்ணால் கண்டதாக ஹாரிஸ் பேசியதாகவும் பதிவுகள் உண்டு. குறுக்கு விசாரணையில் நீங்கள் அதைத்தான் பிடிப்பீர்கள்.

வலிய சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1835இல் எகிப்திய மம்மிகளோடு சில பாப்பிரஸ் சுருள்களை விலைக்கு வாங்கிய ஸ்மித், அவற்றில் ஆபிரகாமின் எழுத்து உள்ளதாகச் சொல்லி மொழிபெயர்த்து 1842இல் வெளியிட்டார். தீயில் அழிந்ததாகக் கருதப்பட்ட சுருள்களின் துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அகப்பட்டு 1967இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்தியவியலாளர் படித்தபோது அவை இறந்தவர்களோடு வைக்கும் சடங்கு எழுத்துகளாக, ஆபிரகாமுக்குப் பன்னூறு ஆண்டுகள் பிந்தியவையாக இருந்தன. தகடுகளைத் தூதர் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அவற்றைச் சோதிக்க வழியில்லை. இங்கே மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே இருக்கின்றன. இத்துண்டுகளின் எழுத்து ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்பதை 2014இல் சபையே ஒப்புக்கொண்டு, மூலச்சுருள் தொலைந்திருக்கலாம் அல்லது இச்சுருள்கள் வெளிப்பாட்டுக்கு ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்று விளக்கியது.

உதகமண்டலம், வாசகி: மார்மன் போதகர்கள் பழங்காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார்களா?

வந்தார்கள். 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட சிலர் சென்னைக்கு வந்து துண்டு நூல்கள் அச்சிட்டுப் பரப்பினர். பலன் மிகக் குறைவு, அடுத்த ஆண்டே பாலன்டைன் திரும்பிவிட்டார். உங்கள் ஊர் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியதும், கௌடரி மார்மன் நூலை எழுதத் தொடங்கியதும் ஒரே மாதத்தில், 1829 ஏப்ரலில் நடந்தவை என்பது தற்செயல்தான் என்றாலும், அந்தச் சமயம் எவ்வளவு புதியது என்பதை உணர உதவும்.

மன்னவனூர், வாசகர்: ஸ்மித் ஏன் கொல்லப்பட்டார்? அதன்பின் சபை என்னவாயிற்று?

ஒஹாயோ, மிசௌரி என்று விரட்டப்பட்ட சபையினர் இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரை உருவாக்கினர். ஸ்மித் அங்கே மேயராகவும் படைத்தலைவராகவும் இருந்தார். 1844இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். மறைவாகப் பல பெண்களை மணந்தும் இருந்தார்; அவ்வெண்ணிக்கை 30க்கும் 40க்கும் இடைப்பட்டது என்பது சபை 2014இல் தானே ஏற்ற மதிப்பீடு. இதைப் பொதுவில் மறுத்துக்கொண்டே செய்தார் என்பதுதான், புதையல் கல்லையும் முரண்பட்ட விவரிப்புகளையும்விட, எனக்கு நெருடலாக இருக்கிறது. சபையிலிருந்து பிரிந்தவர்கள் 1844 ஜூன் 7 அன்று ஒரு செய்தித்தாளில் அதை அம்பலப்படுத்தினர். நகர மன்றம் அந்த அச்சகத்தை அழிக்க ஆணையிட்டது. அதையடுத்துக் கார்தேஜ் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் ஜூன் 27 அன்று முகத்தில் கரி பூசிய கும்பலொன்று புகுந்து சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 38. விசாரிக்கப்பட்ட ஐவரும் விடுதலையாயினர்.

வாரிசுரிமைப் பூசலில் சபை பல கிளைகளாகப் பிரிந்தது. பெரும்பாலோர் பிரிகம் யங்கின் தலைமையில் 1847 ஜூலையில் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அந்தக் கிளைதான் இன்றைய 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. பலதார மணத்தை அது 1890இல் கைவிட்டது. மனைவி எம்மா யூட்டாவுக்குப் போகாமல் நாவூவிலேயே தங்கிவிட, மூத்த மகன் மூன்றாம் ஜோசப் 1860இல் வேறொரு சபைக்குத் தலைவரானார். தந்தை பலதார மணமே செய்யவில்லை என்று அக்கிளை நெடுங்காலம் வாதிட்டது. ஸ்மித் காலத்தில் கட்டிய முதல் ஆலயமான ஒஹாயோவின் கர்ட்லண்ட் ஆலயம் அந்தச் சிறு கிளையின் கையிலேயே இருந்துவந்தது. 2024 மார்ச்சில் அதையும் நாவூவிலுள்ள சில வீடுகளையும் பழைய கையெழுத்துப் படிகளையும் யூட்டாச் சபை ஏறத்தாழ 19 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.