செய்தி வராவிட்டால் மோட்டார் என்ன செய்யும்?

வணக்கம் அம்மா. மகள் மூன்றாம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவிடும், கட்டுப்படுத்தும் கருவிகள் பற்றிய பொறியியல்) படிக்கிறாள், ஐ.டி. வேலை வேண்டாம், 'நெட்வொர்க்டு கண்ட்ரோல்' படிக்கப் போகிறேன் என்கிறாள், அப்படி ஒரு படிப்பு உண்டா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, போடும். அது என்ன என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரு சென்சார், கீழே மோட்டார். இடையில் வயர் கிடையாது, வைஃபைதான். தொட்டி நிறைந்ததும் 'நிறுத்து' என்று செய்தி வர வேண்டும். அந்த நேரம் பார்த்து வைஃபை கட்டானால் தண்ணீர் வழிந்தோடும். சரி, செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடலாம் என்றால், சிக்னல் விட்டு விட்டு வருகிற நாளில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. கடைசியாக வந்த அளவை வைத்து, நிமிடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு ஓட்டலாம். அந்தக் கணக்கை எத்தனை நிமிடம் நம்புவது? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுகிறாள். செய்தி தாமதமாகும், தொலையும் என்று தெரிந்தே அமைப்பைக் கட்டுகிற வேலை இது.

தொட்டி மெதுவானது, கொஞ்சம் பொறுக்கும். உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்துவது போன்ற அமைப்புகள் பொறுக்காது. 2004-ல் வந்த ஓர் ஆய்வு முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் இடையில் விலகல் இரண்டு மடங்காகிற ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய அளவீடுகளில் 75 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தால்தான் மதிப்பீட்டுப் பிழை, அதாவது நாம் கணித்த நிலைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வித்தியாசம், சராசரியில் கட்டுக்குள் இருக்கும். அதற்குக் கீழே போனால், மிகச் சிறந்த கணக்குமுறையாலும் காப்பாற்ற முடியாது. இதை வாசித்து அவள் கண் விரிந்தால், துறை அவளுக்குப் பொருந்தும்.

தாமதத்துக்கும் ஓர் உதாரணம்: 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். நிலவுக்குச் சிக்னல் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். இறங்கும்போது அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால் கடைசிக் கட்ட முடிவுகளை அதன் தரையிறங்கு கலமான விக்ரம் தானே எடுத்தது.

வேலை எங்கே? சுத்திகரிப்பு ஆலைகள், மின்நிலையங்கள், கார்களின் மின்னணு அமைப்பு, ரயிலும் நிலையமும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் 'கவச்' போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகள். ஒன்றை மறைக்க மாட்டேன்: ஐ.டி. அளவுக்கு இடங்கள் இல்லை, தொடக்கச் சம்பளம் சில இடங்களில் குறைவு, ஆலை வேலை என்றால் ஷிஃப்டும் உண்டு. பெண் பிள்ளை என்பதற்காக ஆலை வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வை அவள் இப்போதே எழுதலாம், மூன்றாம் ஆண்டிலேயே அனுமதி உண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே கேம்பஸில் வேலை கிடைத்தால் உதற வேண்டியதில்லை. சேர்ந்து ஒரு வருடம் பார்த்துவிட்டும் எம்.டெக். போகலாம். மும்பை ஐஐடியில் சிஸ்டம்ஸ் அண்ட் கண்ட்ரோலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை உண்டு. நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் பலமாக இருக்க வேண்டும். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் தடுக்கி விழுந்தது அங்கேதான். கண்ட்ரோல் பாடத்தில் அல்ல.

முடிவெடுக்கும் முன் இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். விலை குறைந்த இரண்டு வைஃபை போர்டுகள், ஒரு வாளி, ஒரு சின்ன பம்ப் வாங்கட்டும். மூன்றில் ஒரு செய்தியை வேண்டுமென்றே தொலைக்கும்படி புரோகிராம் எழுதி, வாளி வழியாமல் நிரப்பிக் காட்டட்டும். எத்தனை நாள் அதோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.