வகுப்பில் ஒரு மாணவனைப் "பொம்பள மாதிரி பேசுறான்" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆசிரியர் என்ன செய்யலாம்?

முதலில், அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு "நீ கொஞ்சம் மாத்திக்கப்பா" என்று சொல்லாதீர்கள். நானும் ஆசிரியர்தான். பெரும்பாலும் நடப்பது இதுதான்: அடி வாங்கியவனுக்கு அறிவுரை, அடித்தவனுக்கு "சரி, விடு, விளையாட்டுக்குத்தானே".

இது விளையாட்டில்லை. தமிழ்நாட்டில் பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடம் (திருநர், தன்பாலினத்தவரை விரும்புபவர்கள் போன்றோர்) எடுத்த ஆய்வை 2019-ல் யுனெஸ்கோ வெளியிட்டது. மூன்றில் ஒருவர், படிப்பை விட்டதற்கு இந்தத் துன்புறுத்தலே முக்கியக் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். அவன் "உள்ளேன் ஐயா" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அதே குரலில் இழுத்துச் சொல்வான், வகுப்பே சிரிக்கும். நீங்கள் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போனால், சார் ஒன்றும் சொல்லமாட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நிறுத்துங்கள். கத்த வேண்டாம், ஒவ்வொரு முறையும் நிறுத்தினால் போதும். "ஒம்போது" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான்.

அப்புறம் கழிப்பறை. இடைவேளையில் மற்ற பையன்களோடு உள்ளே போகப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பாடவேளை நடுவில் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

அவன் யார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அவனே நம்பி ஏதாவது சொன்னால், அவன் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். அப்பா பெல்ட்டை உருவலாம், "சரி பண்ண" எங்காவது இழுத்துப் போகலாம். இப்படி மருத்துவத்தால் "மாற்றும்" முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தார். எந்தப் பாலினத்தவரும் போகக்கூடிய பொதுக் கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வசதி, ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விழிப்புணர்வு எல்லாம் அதே உத்தரவில் இருக்கின்றன. தலைமையாசிரியர் "நமக்கெதுக்கு வம்பு" என்றால் அதை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள். திருநர் குழந்தைகளுக்காக, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி அதே ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டது. எதிர்ப்பு வந்ததும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடிதடி, பாலியல் சீண்டல் என்று போனால் பள்ளிக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். அந்த எண்ணைப் பையனிடமும் கொடுத்து வையுங்கள்.