திருமலை அச்சகத்தில் இருந்து டிசைன் கல்லூரிக்கு: ஒரு தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் திருகோணமலையில் இருந்துதான் வாசித்தேன். லீவில் வந்து உப்புவெளியில் அம்மா வீட்டில் நிற்கிறேன். நீங்கள் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய்ச் சில மாதங்கள்தான். நான் ரொறன்ரோவில் டிசைன் படித்து, அதே வேலையில் பல வருடமாக இருப்பவள். ஆளுக்காள் இடம் மாறி நிற்கிறோம்.

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் சித்திரம் ஒரு பாடமாகச் செய்தீர்கள். பிறகு திருமலை டவுனில் ஓர் அச்சகத்தில் டிசைனர் வேலை: கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அல்பம், மரண அறிவித்தல், கடைப் பலகை. இப்போது கணவர் ஸ்பொன்சர் பண்ணி, பி.ஆர். என்கிற நிரந்தர வதிவுரிமையுடன் கனடா. டிசைன் கல்லூரியில் சேர ஆசை. மாமி "அக்கவுண்டிங் படி பிள்ளை, வேலை நிச்சயம்" என்கிறார். ஒரு நண்பர் "யூடியூபில் எல்லாம் கிடக்கு, ஏன் கடன் படுறாய்" என்கிறார். "அந்தப் பள்ளிக்கூடங்கள் உண்மையாகவே வேலைக்கு ஆயத்தம் பண்ணுதா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி ஆயத்தம் பண்ணும். அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு சேர்ந்தால் காசு வீண்போகாது.

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு விஷயம் சரி. போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் பழகுவதற்காக மட்டும் யாரும் கல்லூரிக்குக் கடன் பட வேண்டாம். அது உங்களுக்கு ஏற்கெனவே வரும். நேரம் நெருக்க நெருக்கக் கை ஓடும் வேகத்தில், உங்களோடு படிக்கப்போகிற பிள்ளைகளை நீங்கள் முதல் கிழமையிலேயே முந்திவிடுவீர்கள். ஆனால் முதல் வருடத்தில் உங்களைக் கொம்பியூட்டருக்கு முன்னால் அதிகம் இருத்த மாட்டார்கள். கரித்துண்டால் வரை, கறுப்புத் தாளை வெட்டி ஒட்டு, ஒரே சாம்பல் நிறத்தை இரண்டு பின்னணியில் வைத்து வேறு வேறு நிறமாகத் தெரியச் செய் என்று போகும். ஜேர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் ஜொஹானஸ் இட்டன் நடத்திய ஆரம்ப வகுப்பின் வழியில் வந்த பழக்கம் இது. "நான் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்து தாள் வெட்டுறதா?" என்று உங்களுக்கு எரிச்சல் வரும். வெட்டுங்கள். அச்சகத்தில் நாம் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தைப் போட்டுப் பழகியவர்கள். அந்த நிறம் ஏன் எடுபடவில்லை என்று பார்க்க அங்கே நேரம் இருக்கவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கல்லூரிகள் உண்மையாகத் தருவது கிரிட்டீக். நீங்கள் செய்ததைச் சுவரில் குத்தி வைப்பீர்கள். வகுப்பு முழுக்க நின்று பார்க்கும். ஆசிரியர் கேட்பார்: ஏன் இந்த எழுத்துரு? ஏன் தலைப்பு இடப்பக்கம்? யார் வாசிக்கப்போகிறார்கள்? கூடப் படிக்கும் பிள்ளைகளும் முகத்துக்கு நேரே "இது வேலை செய்யவில்லை" என்பார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர் ஒரு புள்ளியைப் போட்டுக் கொப்பியைத் தந்துவிடுவார், அதோடு கதை முடிந்தது. "ஏன்" என்று கேட்டாலே பேச்சு விழுகிறது என்றுதான் நமக்குப் படும். தலையைக் குனிந்து "சரி ரீச்சர், மாத்துறன்" என்று சொல்லத்தான் நமக்கு வரும். அங்கே அப்படிச் சொன்னால் குறைவான புள்ளிதான் கிடைக்கும். மாற்றுவதா விடுவதா என்பதை நீங்கள் காரணத்தோடு சொல்ல வேண்டும், எதிர்த்தும் கதைக்கலாம்.

இப்போது என் வேலையிடத்தில் ஆட்களை எடுக்கும்போது நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். யூடியூபில் படித்து வருபவர்களிடம் படங்கள் நல்ல வடிவாக இருக்கும். "இதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கிரிட்டீக்கில் அடிபட்டு வந்தவர்கள் கொப்பியைத் திறந்து பென்சில் கிறுக்கலில் இருந்து தொடங்குவார்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். மார்க்கெட்டிங் மனேஜரிடம், எஞ்சினியரிடம், வழக்கறிஞரிடம், டிசைன் தெரியாத பத்துப் பேரிடம் ஒரு முடிவை விளக்கிச் சொல்வது. இதை வீடியோ பார்த்துப் பழக ஏலாது. எதிரே ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இலக்கணம் அல்ல, இந்த விளக்கிச் சொல்லும் பழக்கம்தான் முதலில் கஷ்டமாக இருக்கும். அது வந்தால் மற்றது பின்னால் வரும்.

நீங்கள் கொண்டுபோயிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதை வெட்கப்படுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "கார்ட் வேலைதான் அக்கா" என்று. திருமலையில் ஒரு பலகை செய்தால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். மூன்று எழுத்தும் மூன்று உயரம், மூன்று அகலம். தமிழ் பக்கவாட்டில் இழுபடும், சிங்களம் வட்டமாக நிற்கும், ஆங்கிலம் குட்டையாகத் தெரியும். மூன்றையும் ஒரே கனத்தில் தெரியச் செய்வது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். கனடாவில் கடையில் விற்கும் பொதிகளின் லேபலில் கட்டாயத் தகவல்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரெஞ்சு வசனம் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளும், பெட்டி மட்டும் நீளாது. ஒரு மொழியிலேயே டிசைன் பண்ணிப் பழகிய பிள்ளைகள் அங்கே தடுமாறுவதை நான் பார்க்கிறேன். உங்களுக்கு அது மெயின் ஸ்ட்ரீட் கடைப் பலகையை விடச் சின்ன வேலை.

அதேபோல் இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு. 31ஆம் நாளுக்குள் தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் கவிதை, நன்றி நவிலல் எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம். போட்டோ எல்லாம் வட்ஸ்அப்பில் மங்கலாக வரும், பெயர் ஒன்று விட்டுப்போனால் குடும்பச் சண்டை. அதை நாள் தவறாமல் முடித்துக் கொடுத்தவள் நீங்கள். இதற்கு அங்கே எடிட்டோரியல் டிசைன் என்று பெயர் வைத்து ஒரு பாடமே நடத்துகிறார்கள்.

ஆகவே போர்ட்ஃபோலியோவில், அதாவது நீங்கள் செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில், இவற்றை வையுங்கள். முடிந்த பக்கத்தை மட்டும் வைக்காமல், பலகைக்கு எடுத்த அளவு, முதல் கீறல், முதலாளி வேண்டாம் என்ற பதிப்பு, கடைசியில் தொங்கும் பலகையின் படம் என்று வரிசையாக. மரண அறிவித்தலில் உள்ள பெயர், முகம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். அந்த டிசைன்கள் நீங்கள் சம்பளத்துக்குச் செய்தவை என்பதால் முதலாளியின் அனுமதியும் கேட்க வேண்டும். கோப்புகள் இன்னும் அந்தக் கொம்பியூட்டரில் கிடக்கும் என்றீர்களே, முதலாளிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். நான் டவுனுக்குப் போகும்போது பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவரின் மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் வைக்கும்போது வேர்ல்ட் ரெடி கொம்போசர் என்ற தெரிவை எடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். கல்லூரியில் இதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது, அங்கே எழுத்துரு வகுப்பு பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடு முடிந்துவிடும்.

எங்கே சேர்வது? ரொறன்ரோவில் டிசைனுக்குப் பழமையான கல்லூரி என்றால் ஓகாட் (OCAD). 1876இல் ஒன்டாரியோ ஓவியப் பள்ளியாகத் தொடங்கியது. மக்கோல் வீதியில், நிறம் நிறமான கால்களில் வானத்தில் மேசை வைத்த மாதிரி ஒரு கட்டடம் நிற்கும், 2004இல் திறந்தது. அங்கே நான்கு வருடப் பட்டம். ஜோர்ஜ் பிரவுன் என்ற இன்னொரு ரொறன்ரோக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் மூன்று வருட அட்வான்ஸ்ட் டிப்ளோமா. உங்கள் நிலைமைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஏற்கெனவே வேலை தெரிந்தவளுக்கு ஒரு வருடம் முந்தி வெளியே வருவது பெரிய விஷயம். அனிமேஷன் ஆசை இருந்தால் கதை வேறு, அதற்கு ஓக்வில்லில் உள்ள ஷெரிடன்தான் முதல் பெயர். ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லை. பி.ஆர். இருப்பதால் உள்ளூர்க் கட்டணம்தான். சர்வதேச மாணவர்கள் கட்டுவது அதைப்போலப் பல மடங்கு. ஒன்டாரியோ மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு பகுதி திருப்பிக் கட்டத் தேவையில்லாத கிராண்டாகக் கிடைக்கக்கூடும்.

மாமிக்கு என்ன சொல்வது? கணக்கியலில் வேலை கிடைப்பது சுலபம் என்பதை மறுக்க மாட்டேன். டிசைனில் முதல் வேலை பெரும்பாலும் சலிப்பாக இருக்கும். யாரோ செய்த பனரை இருபது அளவில் வெட்டிக் கொடுப்பது, விலை மாற்றுவது. சம்பளமும் முதலில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் "படம் கீறுறவைக்கு என்ன வேலை" என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: கனடாவின் பெரிய ஓவியர்கள் என்று இன்று கொண்டாடும் 'குரூப் ஒஃப் செவன்' கூட்டத்தில் பலர், 1920இல் அந்தப் பெயரில் சேர்வதற்கு முன், ரொறன்ரோவில் கிரிப் என்ற விளம்பர டிசைன் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். அவர்களில் ஜே.ஈ.எச். மக்டொனால்ட் பிறகு, இன்று ஓகாட் என்கிற அதே கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். வங்கி, ஆஸ்பத்திரி, மாநகரசபை, சுப்பர்மார்க்கெட் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு டிசைன் பிரிவு இருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, விளம்பரக் கொம்பனியை மட்டும் தேடுகிறார்கள்.

"கனடா அனுபவம் இருக்கா" என்ற கேள்வியும் இனிக் கொஞ்சம் குறையும். 2026 ஜனவரி 1இல் இருந்து, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்கள் வேலைசெய்யும் ஒன்டாரியோ நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது. இருந்தாலும் பிளேஸ்மென்ட், அதாவது படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் வேலை பழகுவது, உள்ள படிப்பாகவே பாருங்கள். அங்கே கிடைக்கும் அறிமுகம்தான் பலருக்கு முதல் வேலை.

ஏ.ஐ. வந்து எல்லாம் போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சும்மா ஒரு படம் வேண்டும் என்ற வேலைகள் குறைந்துவிட்டன, உண்மை. ஆனால் ஒன்டாரியோவில் அரச அமைப்புகளும் பெரிய நிறுவனங்களும் தங்கள் இணையத்தளத்தைப் பார்வைக் குறைபாடு உள்ளவரும் பாவிக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற அளவில் மாறுபாடு வேண்டும். இப்படியான விஷயங்களைப் பொறுப்பெடுத்துச் செய்ய ஆள் வேண்டும். அந்த வகுப்பு இருந்தால் தவற விடாதீர்கள்.

இனிப் பள்ளிக்கூடம் ஆயத்தம் பண்ணாத பாதி: காசு. ஓவியம், டிசைன், வரலாறு எல்லாம் படிப்பிப்பார்கள். பில் எழுதுவது எப்படி, முற்பணம் கேட்பது எப்படி என்பதற்குக் கடைசி வருடத்தில் ஒரு சின்னப் பாடம் வந்தால் பெரிய காரியம். என் தொடக்கக் காலத்தில் ஓர் உணவகத்துக்கு மெனு, பலகை எல்லாம் செய்து கொடுத்தேன். பலகை தொங்கியது, காசு வரவில்லை. கேட்கப் போனால் கொத்துரொட்டி தந்தார்கள். நல்ல கொத்துரொட்டி, அது வேறு விஷயம்.

நம் சனத்துக்குள் வேலை செய்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் நீங்கள் டிசைன் படிக்கிறீர்கள் என்று தெரிந்த அன்றே கணவரின் சித்தப்பா, கோயில் நிர்வாகம், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் வந்துவிடும். "ஒரு சின்ன லோகோதானே பிள்ளை." கோயிலுக்குச் சும்மா செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். கடைக்காரருக்குச் சும்மா செய்யாதீர்கள். மாமா முறை என்றாலும் விலையை முதலில் எழுத்தில் அனுப்புங்கள், பாதியை முன்னுக்கு வாங்குங்கள், எத்தனை முறை திருத்தம் என்று குறிப்பிடுங்கள். முகம் சுருங்குவார்கள். பிறகு பழகிவிடுவார்கள்.

கனடாச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது செய்த டிசைனின் உரிமை பொதுவாக முதலாளிக்கு. தனியாக எடுத்துச் செய்த வேலையின் உரிமை, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை உங்களுக்கு. காசு வராமல் அதில் கையெழுத்து வைக்காதீர்கள். தனியாகச் செய்யும் வேலையின் வருமானம் நான்கு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. என்கிற விற்பனை வரிக்குப் பதிந்து 13 சதவீதம் சேர்த்து அறவிட வேண்டும். அக்கவுண்டிங் படிக்கச் சொன்ன மாமியிடம் இந்த இடத்தில் உதவி கேளுங்கள், சந்தோஷப்படுவார்.

வருகிற செப்டெம்பர் வகுப்புக்கு என்றால் கல்லூரி விண்ணப்பத்தைப் பெப்ரவரி 1க்கு முன் போடுங்கள். அதுவரை வந்த விண்ணப்பங்களைத்தான் சமமாகப் பார்ப்பார்கள், பிறகு இடம் இருந்தால் மட்டும். ஏ.எல். சான்றிதழ் இங்கே உங்கள் அம்மாவிடம் இருக்கிறது என்றால் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள், மூலப் பிரதி கேட்கும்போது நாள் போய்விடும். போர்ட்ஃபோலியோவின் முதல் பதிப்பை எனக்கும் அனுப்புங்கள். நான் "ஏன்" என்று நிறையக் கேட்பேன், கோபிக்கக் கூடாது.